எதிர்க்கரைக்கு வந்த ஹோட்டல்

புதுப்பித்துத் திறந்த பெண்ரோசா ஹோட்டல் ஏரியை நோக்கி நகர்ந்து வருகிறது என்பதைக் கொம்பைமலையில் பலரும் பார்த்தார்கள், பால் வண்டிக்காரர் பார்த்தார், குதிரை வாடகைக்கு விடுகிறவர்கள் பார்த்தார்கள், மாதா கோயிலுக்குப் பூ கொண்டுபோன கன்னியாஸ்திரீகள் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார்கள், ஆனால் பார்த்ததோடு நிற்காமல் "அது எதுக்கு வருது?" என்று வாய்விட்டுக் கேட்டவள் பிலோமினா ஒருத்திதான்.

ஏரிச் சாலையில் வேகவைத்த சோளக்கதிருக்கு மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தடவி விற்கிறவள் அவள். எதிர்க்கரை வார்டின் கவுன்சிலரும் அவள்தான். கடைக்காரர் உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டால் ஏன் என்று கேட்பாள், சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால் ஏன் என்று கேட்பாள், கட்டிய புருஷன் சவரிமுத்து ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தால் அதைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து "என்ன பண்ணிட்டு வந்தீக?" என்று கேட்பாள். அவளைக் கவுன்சிலராக்கியதே அந்தக் கேள்விதான் என்று எதிர்க்கரையில் சொல்வார்கள், ஏனென்றால் அந்த வார்டுக்கு யாரும் சும்மா எதையும் கொடுத்ததில்லை.

அந்த ஏரி ஒரு காலத்தில் ஏரியாக இல்லை, அட்டையும் கொசுவும் மண்டிய சதுப்பாக இருந்தது. அதைத் தோண்டித் தண்ணீர் நிறுத்தக் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து சனங்களைக் கூட்டிவந்தார்கள், அவர்கள் குளிரிலும் காய்ச்சலிலும் செத்ததுபோக மிஞ்சியவர்களை வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடுகிற எதிர்க்கரையில் குடிவைத்தார்கள். வெயில் விழுகிற இந்தக் கரையில் பென்ரோஸ் என்ற மரவியாபாரி விக்டோரியா மகாராணி காலத்தில் ஹோட்டலைக் கட்டினான். கப்பலில் வந்த வண்ணக் கண்ணாடிகளால் ஏரியைப் பார்த்த நீண்ட தாழ்வாரம், பர்மா தேக்குப் பலகை பாவிய சாப்பாட்டுக் கூடம், அறைக்கு ஒரு கணப்பு, இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி நடுவில் சேருகிற மாடிப்படி, வாசலில் துரைசானி நட்ட நீலப் பூப்புதர்கள் என்று அதன் அழகைப் பார்க்கவே ஆட்கள் மலை ஏறி வந்தார்கள். ஏரியைத் தோண்டியவர்கள் விறகுக்கட்டோடு பின்வாசலுக்கு வந்தார்கள். முன்வாசல் அவர்களுக்கு இல்லை. பேரையும் அவர்கள் வாய்க்குத் தோதாகப் பெண்ரோசா என்று மாற்றிக்கொண்டார்கள். பிறகு பென்ரோஸ் போனான், ஒரு எஸ்டேட்காரர் வந்தார், ஒரு ஜமீன் வந்தது, வழக்கு வந்தது, கடைசியில் வௌவால்களும் மரநாய்களும் வந்து அறை அறையாகக் குடியேறின. பெயர்கள் மாறினாலும் முன்வாசல் விஷயம் மட்டும் மாறவில்லை, யாரும் தடுக்காத காலத்திலும் எதிர்க்கரை ஆட்கள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை.

அப்படிக் கிடந்ததைத்தான் தேவகோட்டைப் பக்கத்து மெய்யம்மை ஆச்சி வாங்கினார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான அம்மாள், குரல் மட்டும் பெரியது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுவரைக் கண்ணாடிபோல் தேய்க்கத் தெரிந்த கொத்தனார்களைத் தன் ஊரிலிருந்து அழைத்துவந்தார், உடைந்த கண்ணாடிகளுக்கு அதே சிவப்பும் அதே பச்சையும் தேடி ஊர் ஊராக அலைந்தார், கதவுகளின் பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தன் கையாலேயே துலக்கினார். சவரிமுத்துவைக் கணப்புகளுக்கு நெருப்பு வைக்கிற வேலைக்கு எடுத்தார், அவனும் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தான். சித்திரையில் திறப்பு விழா நடந்தது. அடுத்த மாதமே ஹோட்டல் நீலப் புதர்களைத் தாண்டி முன்னால் வந்து நின்றது. புதர்கள் வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டன. சுவரில் ஒரு கீறல் இல்லை, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளியின் கோப்பையிலிருந்து ஒரு சொட்டு டீ சிந்தவில்லை.

பிலோமினா சோளச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளிக்கேட்டில் போய் நின்றாள்.

"ஆச்சி, எதுக்கு இதை ஏரிக்குத் தள்ளிக்கிட்டு வர்றீக?"

"நானா தள்றேன்?" மெய்யம்மை ஆச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "உங்க ஆளுகதான் கயிறு கட்டி இழுக்குறாகளோன்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"உங்க பங்களா எங்களுக்கு எதுக்கு?"

"அதான் எனக்கும் புரியலை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். இரண்டு பேரும் நம்பவில்லை.

ஊர் வழக்கம்போல அதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. டாக்ஸிக்காரர்கள் நெற்றிப் பாறை, தற்கொலை முனை, நடக்கும் ஹோட்டல் என்று சேர்த்துச் சுற்றிக்காட்டினார்கள். பலூன்காரர் தன் இடத்தைத் தினமும் மாற்றிக்கொள்ளப் பழகினார். தாசில்தார் அளவுநாடா பிடிக்க ஆட்களோடு வந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை நகர்ந்துவிட்டதால் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். கொத்தனார்கள் ஊரிலிருந்து மறுபடி வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்து, பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, இதற்கு மேல் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். ஏரியை வளைக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு கட்சி சுவரொட்டி ஒட்டியது, இன்னொரு கட்சி அதையே வேறு வண்ணத்தில் ஒட்டியது. ஹோட்டலில் அறை கிடைக்காத அளவுக்குக் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பிலோமினாவின் சந்தேகம் இன்னும் பெருத்தது. ஆச்சிக்கு ஆதாயம் என்றால் ஆச்சிதான் செய்கிறார், வேறு யார்?

ஆனி மாதத்தில் ஹோட்டல் தண்ணீருக்குள் இறங்கியது. சன்னல் விளிம்புவரை தண்ணீர் வந்தது, உள்ளே ஒரு துளி நுழையவில்லை. படகுத்துறைக்காரர்கள் விருந்தாளிகளையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்கினார்கள், காய்கறியும் முட்டையும் படகில் போயின, சவரிமுத்துவும் படகில் வேலைக்குப் போய்ப் படகில் வந்தான். மீன்கள் கண்ணாடி வழியாகச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்கின்றன என்று அவன் வந்து சொன்னபோது பிலோமினா மீன்களைப் பற்றிக் கேட்கவில்லை.

"எங்கிட்டுப் போகுது அது? உள்ள இருக்குற உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"நம்ம கரைக்குத்தான் பிலோமி வருது. சன்னல்ல நின்னா நம்ம தகரக்கூரை நாளுக்கு நாள் பெருசாத் தெரியுது."

"யாரு சொல்லி வருது?"

"அதுவாத்தான் வருது."

"உங்கள ஏதாச்சும் சொல்லச் சொன்னாகளா?"

சவரிமுத்து சிரித்தான். கோபம் வந்தால் சிரிக்கிற மனுஷன் அவன். "ஆமா, பங்களா என் காதுல சொல்லிச்சு. பிலோமினாகிட்ட சொல்லிராதன்னு."

அவள் எழுந்து வெளியே போனாள். சர்ச் வாசலில் வார்டுக் கூட்டத்தைக் கூட்டினாள். நம் மனையைப் பிடிக்க வருகிறது என்றார்கள் சிலர், நம்மை மறுபடி விறகு சுமக்கக் கூப்பிட வருகிறது என்றார்கள் சிலர். பால்வாடி ரெஜினா டீச்சர் மட்டும், "மன்னிப்புக் கேக்க வருதோ என்னமோ" என்றாள், கூட்டம் சிரித்தது.

"இல்ல தாயி," என்றார் சந்தியாகு. விறகு சுமந்த கடைசித் தலைமுறையில் மிச்சமிருந்தவர் அவர். "நானும் அதோட பின்வாசல்லதான் வளந்தேன். சமையக்காரன் மீந்த ரொட்டியக் குடுப்பான். குடுத்துட்டு, வாங்குன கையத் தொடாம இருக்கக் கொஞ்சம் தள்ளி நின்னுக்குவான். அந்தக் கட்டடத்துக்கு மன்னிப்பு எங்கிட்டுத் தெரியும்?"

அதனால் அவர்கள் கரையோரம் முள்வேலி போட்டார்கள், ஊரைச் சுற்றி மிளகாய் வற்றலைப் புகைத்தார்கள், மாதா சொரூபத்தைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது ஹோட்டல் கரையேறி நின்றுகொண்டிருந்தது. முள்வேலி நசுங்கவில்லை, நீலப் புதர்களைப்போல அதுவும் வழிவிட்டிருந்தது. சன்னல் விளிம்புகளிலிருந்து பாசி சொட்டியது. முன்படி சரியாக அவர்கள் தெருவின் முனையில் வந்து முட்டியிருந்தது, எதிர்க்கரை ஆட்கள் யாரும் நுழைந்திராத முன்கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது.

திறந்த கதவு பிறகு மூடவில்லை. ஆச்சி தள்ளினார், சமையல்காரர்கள் தள்ளினார்கள், தச்சர் வந்து கீல்களைக் கழற்றப் பார்த்தார். அது அசையவில்லை. எதிர்க்கரை ஆட்கள் தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

கதவு வழியாகக் கணப்புகளின் சூடு மட்டும் வெளியே வந்தது. தேக்கும் யூகலிப்டஸும் மணக்கிற அந்தச் சூடு தெரு நெடுகப் பரவி, பொழுது ஏறியும் ஈரம் காயாத வீடுகளுக்குள் நுழைந்தது. பிள்ளைகளின் இருமல் அடங்கியது. தோசைமாவு அதே நாளில் புளித்தது, அந்தக் கரையில் யாரும் அப்படிக் கண்டதில்லை. பெண்கள் முதலில் பார்க்காததுபோல நடந்தார்கள், பிறகு துணி காயவைக்க முன்படிக்கு நேராகக் கொடி கட்டினார்கள், வெளிநாட்டு விருந்தாளிகள் பாவாடைகளையும் பனியன்களையும் விலக்கிக்கொண்டு தலைகுனிந்து போய்வந்தார்கள்.

"கொடியக் கழட்டுங்க," என்றாள் பிலோமினா. "இன்னிக்குச் சூட்டை எடுப்பீக, நாளைக்கு அது எதையாச்சும் கேக்கும்."

"கேக்குறப்பப் பாத்துக்குவோம் அக்கா," என்றார்கள். கொடியைக் கழற்றவில்லை. அவள் தன் துணியை மட்டும் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள், அது காயாமல் நாறியது.

ஆனால் ஹோட்டலுக்கு அந்தக் கரை ஒத்துக்கொள்ளவில்லை. சாலை இல்லாத கரை. விருந்தாளிகள் ஏரியைச் சுற்றிச் சேற்றில் நடந்து வர வேண்டியிருந்தது, வந்தவர்களும் மூடாத கதவின் குளிரில் படுத்தெழுந்து தும்மிக்கொண்டே கிளம்பினார்கள். ஆடி முடிவதற்குள் அறைகள் காலியாகின. ஒரு மத்தியானம் மெய்யம்மை ஆச்சி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிலோமினாவின் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் உட்காராமல் சோள மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை எல்லாரும் உள்ள வந்துட்டுப் போங்க. ஒரு வாய்க் காப்பி. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"நாங்க வந்தா அது திரும்பிப் போயிரும்னு நெனைக்கிறீக."

"ஆமா," என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பிலோமினாவுக்கு உடம்பிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது, இத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் சொன்ன நேரான பதில் அது ஒன்றுதான். அடுப்பில் தண்ணீர் வைத்து, ஆச்சிக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் தெருவில் நடந்தபோது அவள் புதிதாக ஒன்றைக் கண்டாள். ஆட்கள் உள்ளே போகாததற்கு இப்போது பயமும் காரணமில்லை, ரோஷமும் காரணமில்லை. போனால் ஹோட்டல் போய்விடும், சூடும் அதோடு போய்விடும் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக யோசித்து வைத்திருந்தது. ஒருவர் தெரியாமல் படியில் கால் வைத்துவிடக் கூடாதே என்று மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஷக்காரரான சந்தியாகுகூடக் கதவுக்கு நேராகக் கட்டிலைப் போட்டு, காலை நீட்டிப் படுத்திருந்தார். இதுவரை வெளியாட்களைச் சந்தேகப்பட்டவள் அன்றைக்குத்தான் தன் ஆட்களைச் சந்தேகப்பட்டாள், அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. வீட்டுக் கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வந்தது, பீன்ஸ் பந்தல்கள் அழுகின, ஊருக்கு மேலே இருந்த சரிவில் யூகலிப்டஸ் மரங்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. ஒரு பகலில், பிள்ளைகள் பால்வாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், சரிவு உறுமியது. பிலோமினா வெளியே வந்து பார்த்தபோது மேலேயிருந்த மாட்டுக்கொட்டகை நின்ற நிலையிலேயே கீழே வந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் மரங்களும் நின்ற நிலையிலேயே வந்தன.

"எல்லாரும் வெளிய வாங்க!" அவள் தெரு நெடுகக் கத்திக்கொண்டு ஓடினாள். ரெஜினா டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள், சந்தியாகுவைக் கட்டிலோடு தூக்கினார்கள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சேறு, நடுவில் தெரு. தெரு போய் முட்டுகிற இடத்தில் திறந்த கதவு.

படிக்குக் கீழே கூட்டம் நின்றுவிட்டது. முதுகில் மழை, காலில் சேறு, அப்போதும் நின்றது. கதவுக்குள்ளிருந்து சவரிமுத்து இரண்டு கையையும் நீட்டி "பிலோமி, வா!" என்று அலறினான். அவனுக்குப் பக்கத்தில் ஆச்சி நின்றிருந்தார், வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் அவள் வரமாட்டாள் என்று தெரிந்துவைத்திருந்தார்.

பிலோமினா படியில் கால் வைத்தாள். இரண்டாவது படியில் நின்று, கதவின் நிலையைத் தட்டி, காது கேளாதவரிடம் பேசுகிறதுபோல உரக்கச் சொன்னாள்:

"நீ கூப்பிட்டன்னு வரலை. மழை பெய்யுது, வர்றோம். தெரிஞ்சுக்க."

பிறகு திரும்பிப் பிள்ளைகளை முதலில் ஏற்றினாள். சேற்றுக் காலோடு எல்லாரும் தேக்குப் பலகைமேல் ஏறினார்கள், ஆடுகள் ஏறின, கோழிகள் வண்ணக் கண்ணாடித் தாழ்வாரத்தில் சிறகை உதறின, மாதா சொரூபத்தைத் தூக்கி வந்து கணப்புக்கு மேலே வைத்தார்கள். கூடத்தில் சனங்கள் பழக்கத்தில் தரையில் உட்காரப் போனபோது பிலோமினா விடவில்லை. "நாற்காலியில உக்காருங்க" என்று அதட்டி ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆச்சி அலமாரியைத் திறந்து விருந்தாளிகளின் வெள்ளைப் போர்வைகளை எடுத்துக் கொடுத்தார், சமையல்காரர்கள் சூப் கொண்டுவந்தார்கள். சன்னல் வழியாக அவர்கள் தங்கள் தெருவைப் பார்த்தார்கள். சேறு அவசரமில்லாமல் வந்து ஒவ்வொரு தகரக்கூரையாக மூடியது. பிலோமினாவின் வீடு மூடிய இடத்தில் ஒரு முருங்கை மரத்தின் நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. யாரும் அழவில்லை, எண்ணிப் பார்த்தார்கள், எல்லாரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அழுதார்கள்.

அப்போதுதான் கதவு மூடியது. அத்தனை மாதம் அசையாத கதவு, யாரும் தொடாமல், மெத்தென்று மூடியது. சந்தியாகு தன் சூப்பைக் கீழே வைத்தார்.

"எதுக்குச் சாத்துது?" என்றாள் பிலோமினா. அவள் எழுந்துபோய்ப் பித்தளைக் குமிழைத் திருகினாள். திறக்கவில்லை. ஆச்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சியின் முகமும் வெளுத்திருந்தது. சன்னலுக்கு வெளியே மூடிப்போன தெரு பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் ஏறிச் சன்னல் விளிம்பைத் தொட்டது, மீன்கள் வந்து எட்டிப் பார்த்தன. யார் கையிலும் சூப் தளும்பவில்லை.

மழைக்குள்ளேயே ஹோட்டல் ஏரியைக் கடந்தது. வரும்போது மாதக்கணக்கில் நகர்ந்தது, போகும்போது ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. சாலையோரம், வெயில் விழுகிற கரையில், துரைசானி நட்ட புதர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. பிறகு கதவு திறந்தது.

வெளியே ஊரே குடையோடு நின்றிருந்தது. முன்னால் தாசில்தார் நின்றிருந்தார். பெண்ரோசாவின் முன்வாசலில் எதிர்க்கரை ஆட்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஊர் முணுமுணுத்தது. அவர்களைக் கொண்டுவரத்தான் போயிருக்கிறது என்றார் ஒருவர். இவர்களே ஏதோ செய்து ஹோட்டலைப் பிடித்துக்கொண்டார்கள் என்றார் இன்னொருவர், அதைத்தான் பலரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் தலையாட்டலைப் பிலோமினா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"ஸ்கூல்ல முகாம் போட்டுருக்கோம்," என்றார் தாசில்தார். "இவங்கள அங்க அனுப்பிருங்கம்மா. ஹோட்டல்ல இப்பிடி இருக்க முடியாது."

மெய்யம்மை ஆச்சி வாசலுக்கு வந்து நின்றார். சேற்றுக் கால்தடம் பதிந்த தேக்குப் பலகையைப் பார்த்தார், தாழ்வாரத்தில் கோழிகளைப் பார்த்தார், கடைசியாகப் பிலோமினாவைப் பார்த்தார்.

"இவுக என் விருந்தாளிக," என்றார். "இங்கதான் இருப்பாக."

தாசில்தார் ஏதோ சொல்ல வந்து, மழை வலுக்கவே குடையைச் சாய்த்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். கூட்டம் மெல்லக் கலைந்தது. உள்ளே யாரோ கணப்பில் இன்னொரு கட்டையைப் போட்டார்கள், அது சவரிமுத்துவாகத்தான் இருக்கும். முன்படியில் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். பிலோமினா தன்மேல் கிடந்த வெள்ளைப் போர்வையின் ஓரத்தை விரலால் தடவி, அதன் தரத்தைப் பார்க்கிறவள்போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்கு ஆச்சி?"

ஆச்சி ஏரியைப் பார்த்தார். எதிர்க்கரையில் மேகம் இறங்கியிருந்தது, அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலை பிலோமினா," என்றார். "எனக்கே தெரியலை."

பிலோமினா அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அந்தப் பதிலை நம்பி, உள்ளே போனாள்.